எய்லிஃப் சொன்னார்

வியாழக்கிழமை தணிக்கை.
இன்று திங்கள். உல்ஸ்டைன்விக்கில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்:
இடப்பக்கம் நாங்கள் கேட்டவை,
வலப்பக்கம் ட்ரொண்ட்ஹைமில் அவர்கள் எழுதியவை,
நடுவே ஒரு கோடு.
கோடு இருந்தால் பச்சை.
கோடு மெய்யா என்று எந்த நிறமும் சொல்வதில்லை.

மாலைக்குள் எல்லாம் பச்சை,
ஒன்றைத் தவிர.
வலப்பக்கம் தனியே நின்றது அது,
பெற்றோர் பெயரைக் காலியாக விட்ட
பள்ளி விண்ணப்பம் மாதிரி:
*மணி அடித்தபின், சாய்தளத்தைத் தூக்குமுன்,
ஏழு வினாடி காத்திரு.*

யார் கேட்டது?
எங்கள் ஆவணத்தின் பத்துப் பதிப்புகளையும் புரட்டினேன்.
ஏழு இல்லை.
காத்திருப்பதே இல்லை.

சுன்னிவாவை அழைத்தேன்.
"அநாதை வரி ஒன்று. அழித்துவிடலாமா?"
சுட்டெலியின் சக்கரம் உருளும் சத்தம்.
பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு:
"நிரலுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்.
'எய்லிஃப் சொன்னார்.'
அவ்வளவுதான்."

நான்கு ஆண்டுகள், மூன்று படகுகள்,
வழக்கறிஞர்கள் இருமுறை படித்த ஒப்பந்தம்.
அத்தனைக்கும் அடியில் இரண்டு சொல்.

எய்லிஃப் இப்போது ஒரு சால்மன் பண்ணையில்
தீவனக் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறார்.
"மறக்குமா?" என்றார். "பிப்ரவரி வெள்ளோட்டம்.
தளம் முழுக்கப் பனிக்கட்டி.
குழந்தை வண்டியோடு ஒரு பெண், முன்சக்கரம் இடுக்கில் சிக்கிவிட்டது.
அவள் கடந்து முடிக்கும்வரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
எழுத எங்கே நேரம்?
இயந்திர அறைக்கு ஓடி அந்தச் சின்னப் பெண்ணிடம் கத்தினேன்.
இருபது என்று."

இருபது.

எங்கள் மொழியில் ஏழுக்கு *ஷூ*,
இருபதுக்கு *ஹ்யூஎ*.
எய்லிஃபின் வயதுக்காரர்கள் அந்த முதல் ஒலியை
அண்ணத்தில் காற்றாக உரசுவார்கள்.
சுன்னிவாவின் வயதுக்காரர்களுக்கு இரண்டும் ஒரே *ஷ*தான்.
வித்தியாசம் என்று மிஞ்சுவது
வாலில் தொங்கும் ஒரு குட்டி *எ*.
இரண்டு டீசல் ஜெனரேட்டர்களுக்கு நடுவே
அது எங்கோ விழுந்துவிட்டது,
கூடவே பதிமூன்று வினாடிகளும்.

நாளைக்கு முப்பது நடை, நான்கு ஆண்டு.
ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்கிறது விபத்துப் பதிவேடு.
நிம்மதியாக இருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை.

புதன் காலை துறைக்குப் போனேன்.
மணி அடித்தது. எண்ணினேன்.
ஏழு வந்தது, போனது.
தளம் எழவில்லை.
மஞ்சள் அங்கியில் ஓட்வர் நின்றிருந்தார்,
நிறுத்தப் பொத்தானில் கட்டைவிரலை ஊன்றி.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் இறங்கினான்.
ஒரு நாய். கயிற்றின் மறுமுனையில், அவசரமில்லாத அதன் மனிதர்.
பிறகுதான் விரல் எழுந்தது, விரலோடு தளமும்.

"எப்போதிலிருந்து இப்படி?"

"முதல் நாளிலிருந்து," என்றார்.
"ஏன், இப்படித்தானே வடிவமைத்தீர்கள்?"

கையுறையில் கட்டைவிரல் மட்டும்
தேய்ந்து வெளுத்திருந்தது.

இரவு புதிய தேவை ஒன்றை எழுதினேன். எண் கிடைத்தது.
*மூலம்?* என்று கேட்டது பெட்டி.
எய்லிஃப் என்று தட்டினேன், அழித்தேன்.
வண்டி தள்ளிய பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது.
ஓட்வர் என்று தட்டினேன்.
*செல்லுபடியாகும் ஆவண எண்ணைத் தரவும்* என்றது சிவப்பில்.

சுன்னிவாவை அழைத்து
இலக்கம் இலக்கமாகச் சொன்னேன்:
"இரண்டு. சுழியம். திருப்பிச் சொல்."

"இரண்டு. சுழியம்."
சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

"எதற்கும்," என்றாள்,
"எழுதி அனுப்பிவிடுங்கள்."